தாமதத்திற்கான காரணம்

1

மலேசியாவில், எங்கள் கிள்ளானில் இருப்பவர்களுக்கு இது ஒரு செய்தியாகவே தோன்றாது என்பதை அறிவேன். சென்ற வாரம், இந்தியாவில் நான் தங்கிப் படிப்பதற்கான அனுமதி மேலும் ஓராண்டுக்கு நீட்டிக்கப்பட்டது. கெடு முடிய ஒன்பது நாள்கள் மீதம் இருந்தன.

ஒன்பது நாள்கள்! எங்கள் வீட்டுக் கூடத்தில் பேச்சுப் போட்டிக் கோப்பைகள் இரண்டு அடுக்குகளை நிறைத்து நிற்கின்றன. மாநில அளவில் முதலிடம் பெற்ற கோப்பை நடுவில் இருக்கும். விருந்தினர் கண்ணில் முதலில் படும்படி அதை அங்கே வைத்தவள் நானேதான். அவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் ஒரு தட்டில் அந்தக் கோப்பைகளையும் மறு தட்டில் இந்த ஒன்பது நாள்களையும் வைத்தால் எது கனக்கும் என்று கேட்டால், தயங்காமல் விடை சொல்வேன்.

கடந்த ஆண்டு இதே மாதத்தில் நான் இந்த நாட்டை விட்டு அனுப்பப்படும் நிலையில் இருந்தேன். குற்றம் ஏதும் இழைக்கவில்லை. ஒரு படிவத்தை நிரப்பவில்லை, அவ்வளவே. அதை ஊரில் வீட்டாரைத் தவிர வேறு எவரிடமும் சொல்லவில்லை. இப்போது சொல்லலாம். அந்தப் படிவம் ஏன் நிரப்பப்படவில்லை என்று தேடிப் போனதால்தான், என் மூளை வேலை செய்யும் விதத்தை இருபத்தோராம் வயதில் முதன்முறையாகத் தெரிந்துகொண்டேன்.

2

தாம்பரத்தை உங்களுக்கு எப்படி விளக்குவது? சென்னை முடிந்துவிட்டதென்று நகரத்தார் எண்ணும் இடம். சென்னை வந்துவிட்டதென்று தெற்கிலிருந்து வருவோர் எழுந்து பெட்டியை இறக்கும் இடம். அதன் மேற்குப் பக்கம், முடிச்சூர் சாலையிலிருந்து பிரியும் தெருவொன்றில் மாடியறையில் குடியிருக்கிறேன். காலையில் மின்தொடர் வண்டி ஏறித் தெற்கே காட்டாங்குளத்தூர் செல்கிறேன். அங்கே ஒரு கல்லூரியில் உயிரித் தொழில்நுட்பம் படிக்கிறேன். இது நான்காம் ஆண்டு.

வழியில் கூடுவாஞ்சேரி வரும். ஒவ்வொரு மாதமும் அங்கே ஒரு வயல் காணாமல் போய், வண்ணக் கொடிகள் நட்ட வீட்டுமனைகளாகிவிடுகிறது. அந்தக் கொடிகளைப் பார்த்ததும் நிலத்தைப் பற்றிய ஓர் உரை என் மனத்தில் தொடங்கும். முன்னுரை, மூன்று கருத்துகள், எதிரணிக்கு ஒரு மறுப்பு. முடிவுரைக்கு வரும்போது வண்டி என் நிலையத்தைத் தாண்டிச் செங்கற்பட்டில் நின்றிருக்கும். வகுப்பில் கேட்டால் வண்டியில் உறங்கிவிட்டதாகச் சொல்வேன். உறங்கியதாகச் சொன்னால் எவரும் மேற்கொண்டு கேட்பதில்லை.

கீழ்வீட்டில் வசிப்பது மெஹருன்னிசாவின் குடும்பம். மெஹருக்கு என் வயது. தாம்பரம் நிலையத்தருகே அவள் அத்தா நடத்தும் ஜெராக்ஸ் கடையைப் பெரும்பாலும் அவளே பார்த்துக்கொள்கிறாள். நான் வீடு பார்க்க வந்த காலையில் அவள் அம்மா படிக்கட்டின் கீழிருந்து, "பசியாறிட்டியாம்மா?" என்று கேட்டார். காலை உணவு உண்பதை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்; கல்லூரி விடுதியில் நான் அந்தச் சொல்லைச் சொன்னபோது சிரித்தார்கள். இங்கே அது ஒரு வீட்டின் அன்றாடச் சொல்லாக இருந்தது. வாடகையைப் பேசும் முன்பே இனி இந்த வீடுதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

மற்ற இடங்களில் என் தமிழ் அவ்வளவு எளிதாகச் செல்லுபடியாகவில்லை. வந்த புதிதில் ஆட்டோ ஓட்டுநர் ஒருவரிடம், "ஐயா, தொடர்வண்டி நிலையத்திற்கு வருவீர்களா?" என்று கேட்டேன். அவர் வண்டிக்கு வெளியே தலையை நீட்டி இருபுறமும் பார்த்துவிட்டு, "இன்னாமா, எங்க கீது கேமரா?" என்றார்.

3

முதல் இரண்டு ஆண்டுகள், கல்லூரி அலுவலகத்தார் வெளிநாட்டு மாணவர் அனைவரையும் ஒரே பேருந்தில் ஏற்றிச் சென்று அனுமதியைப் புதுப்பித்துக் கொடுத்தார்கள். மூன்றாம் ஆண்டு முதல் அது அவரவர் பொறுப்பு என்றார்கள். என் கையில் ஒரு படிவத்தைத் தந்தார்கள். இரண்டு பக்கம். பெயர், பிறந்த ஊர், கடவுச்சீட்டு எண், தங்கும் முகவரி.

அதை நான் மறந்துவிட்டேன் என்று எண்ணிவிடாதீர்கள். மறந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். ஒவ்வொரு காலையும் அது நினைவுக்கு வந்தது. மேசையில் அமர்வேன், பேனாவைத் திறப்பேன், கடவுச்சீட்டு வேண்டுமே என்று எழுவேன். தேடும்போது அகராதி கையில் படும். அகராதியில் ஒரு சொல், அதிலிருந்து இன்னொரு சொல்; நிமிரும்போது கல்லூரிக்குச் செல்லும் வண்டி போயிருக்கும். கடவுச்சீட்டு அந்த அகராதிக்குள்ளேயே இருந்தது என்பது பின்னர் தெரிந்தது.

ஒரு தலைப்பைக் கொடுத்து, இரண்டு நிமிடம் சிந்திக்கவிட்டு, மேடையில் நிறுத்தினால் நான் பத்து நிமிடம் பிசிறின்றிப் பேசுவேன். அதே நான், பிறந்த ஊரின் பெயரை ஒரு கட்டத்துக்குள் எழுத முடியாமல் ஆறு வாரம் அமர்ந்திருந்தேன். இதற்கு என்ன பெயர் வைப்பது? சோம்பல் என்று நானே வைத்தேன். நாள்தோறும் அந்தப் பெயரால் என்னைத் திட்டிக்கொண்டேன். திட்டத் திட்ட அந்தத் தாள் இன்னும் கனத்தது.

அம்மா ஞாயிறுதோறும் கீழ்வீட்டுத் தொலைபேசியில் அழைப்பார்.

"அரசி, பெர்மிட்டுக்கு சாப்பு அடிச்சாச்சா?"

சாப்பு என்றால் எங்கள் ஊரில் முத்திரை. கெடு முடிந்து ஆறாம் நாள் அது. "அடிச்சாச்சும்மா" என்றேன். எதிரணியை வீழ்த்தப் பழகிய என் நாவுக்கு அந்த ஒரு சொல் மிக எளிதாக வந்தது. அதன்பின் மூன்று ஞாயிறுகள் அந்தப் பொய்யைக் காத்து நின்றேன்.

4

இருபத்து மூன்றாம் நாள், நகரத்திலுள்ள வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி நடுவயதினர், மேசைமேல் கோப்புகளை ஓரம் பார்த்து ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தார். என் தாள்களைப் புரட்டினார்.

"டேட் முடிஞ்சு இருபத்தி மூணு நாள் ஆச்சு. தெரியும்ல?"

"தெரியும் ஐயா."

"தெரிஞ்சும் வரல. இந்தாங்க, இதுல லாஸ்ட் கட்டத்தப் பாருங்க. தாமதத்திற்கான காரணம். தனியா ஒரு லெட்டராவே எழுதிக் குடுங்க. காரணம் சரியா இருந்தா ஃபைன் போட்டு முடிச்சிடலாம். இல்லன்னா ஊருக்குக் கெளம்ப வேண்டியதுதாம்மா. புது விசா எடுத்து வர்றதுக்குள்ள ஒரு வருஷம் போயிடும்."

ஒரு வருடம். கல்லூரி இடத்தைக் காத்து வைக்காது. அப்பா என்னை இங்கே அனுப்ப உறவினர் அனைவரையும் எதிர்த்து நின்றவர். அவர் முன் எந்த முகத்தோடு போய் இறங்குவது?

அங்கிருந்த விசுப்பலகையில் அமர்ந்து எழுதத் தொடங்கினேன். என்ன வியப்பு, எழுத்து பாய்ந்து வந்தது! ஆபத்து கழுத்தை நெரிக்கும்போது என் கை ஓடும். மூன்று பக்கம். 'பெருமதிப்பிற்குரிய அதிகாரி அவர்களே' என்று தொடங்கினேன். முதல் பக்கத்தில் கெடு என்னும் கருத்தையே கேள்விக்கு உள்ளாக்கினேன். இரண்டாம் பக்கத்தில், வராத ஒரு காய்ச்சலை வரவழைத்துக்கொண்டேன். மூன்றாம் பக்கத்தில் இரு நாடுகளின் தொன்மையான உறவைப் போற்றினேன். மேடைப் பேச்சாளரைத் தவிர வேறு எவரும் செய்யாத பிழையையும் செய்தேன்: அதைப் படித்துக்காட்ட அனுமதி கேட்டேன்.

அவர் மறுக்கவில்லை, நானும் நிறுத்தவில்லை. முடித்தபோது எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற இலங்கைக்காரர் ஒருவர் கைதட்டினார்.

"நல்லா பேசுறீங்க" என்றார் அதிகாரி. "ஃபீவர்னு சொன்னீங்களே, டாக்டர் சர்டிபிகேட் எங்க?"

மூன்று தாள்களையும் அவர் மேசையில் வைத்தேன். மேடையில் எவரும் என்னிடம் சான்று கேட்டதே இல்லை.

"இதுல எல்லாம் இருக்குதும்மா. அந்த இருபத்தி மூணு நாள் ஏன் வரலங்கிறது மட்டும் இல்ல." தாள்களை என் பக்கம் தள்ளினார். "பத்து நாள் டைம் தரேன். உண்மையான காரணத்த எழுதிட்டு வாங்க."

5

மெஹரிடம் மட்டும் சொன்னேன். கடையில் அப்போது கூட்டம் இல்லை. அவள் ஓர் ஆய்வேட்டுக்குச் சுருள் கம்பி கோத்துக்கொண்டிருந்தாள்.

"உண்மைய எழுத வேண்டியதுதானே?"

"உண்மை எது என்பது எனக்கே விளங்கவில்லை, மெஹர். மனிதருக்குத் தம் நலனைக் காக்கும் உணர்வு இயற்கையாகவே..."

"ஏய், மைக்க ஆஃப் பண்ணு." அவள் கம்பியை முறுக்கினாள். "நான் ஒண்ணு கேக்கறேன். பேச்சுப் போட்டிக்கு நீ என்னிக்காச்சும் லேட்டா போயிருக்கியா?"

"ஒருபோதும் இல்லை."

"அப்ப சோம்பேறி கிடையாது. வேற என்னமோ கீது. உக்காந்து யோசி. இந்தா, பேப்பரு."

ஜெராக்ஸ் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. மை பரவியோ கோணலாக விழுந்தோ வீணாகும் தாள்களை எறிவதில்லை. வெற்றுப் பக்கத்தைக் கணக்குப் போடவும் குறிப்பெழுதவும் அடுக்கி வைப்பார்கள். மெஹர் அதிலிருந்து ஒரு கற்றையை எடுத்து நீட்டினாள். நான் 'தாமதத்திற்கான காரணம்' என்று தலைப்பிட்டு அடிக்கோடும் இட்டேன். பிறகு எழுத ஒன்றுமில்லை. எழுத ஒன்றுமில்லாதபோது நான் செய்வதையே செய்தேன்: தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் இருப்பதைப் படிக்கத் தொடங்கினேன்.

அது குரோம்பேட்டையில் உள்ள மனநல மருத்துவர் ஒருவரின் வினாப்பட்டியல். பெரியவர்களுக்கானது. கோணலாக விழுந்திருந்தது. எளிய வேலையைத் தொடங்கவே முடியாமல் நாள்களைக் கழிக்கிறீர்களா? பிடித்த வேலையில் மூழ்கினால் பசியும் நேரமும் தெரிவதில்லையா? கைப்பொருளை எங்கே வைத்தோம் என்று தேடுவதில் நாளின் பெரும்பகுதி போகிறதா? பிறர் பேசி முடிக்கும் முன்பே விடை உங்கள் வாயில் வந்துவிடுகிறதா?

வாதப் போட்டிக்குத் தயாராவோர் எதிரணியின் கருத்துகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் மறுப்பு எழுதிப் பழகியவர்கள். நானும் பேனாவை எடுத்து முதல் வினாவின் ஓரத்தில் மறுப்பு எழுதப் போனேன். வரவில்லை. இரண்டாவதற்கும் வரவில்லை. கடைசிவரை ஓரம் வெறுமையாகவே இருந்தது. நான் தோற்ற வாதங்கள் மிகச் சில. தோற்றதற்காக மகிழ்ந்தது அது ஒன்றுதான்.

"மெஹர், இது யாருடையது?"

எட்டிப் பார்த்தாள். "குரோம்பேட்டை டாக்டரம்மா. மாசாமாசம் நூறு காப்பி போடுவாங்க. நல்ல மாதிரி. ஏன், நீ உத்து உத்துப் படிக்கிறதப் பாத்தா உன் ஜாதகம் மாதிரில்ல தெரியுது?"

6

டாக்டரம்மா உடனே எந்தப் பெயரும் சூட்டவில்லை. நீண்ட நேரம் கேட்டார். நான் இடையிடையே குறுக்கிட்டேன், அதையும் குறித்துக்கொண்டார். "இது பெரியவங்களானதும் திடீர்னு வர்றது இல்ல. சின்ன வயசுல எப்படி இருந்தீங்கன்னு வீட்ல கேட்டுச் சொல்லுங்க. ஸ்கூல் ரிப்போர்ட் இருந்தா இன்னும் நல்லது" என்றார்.

ஆக, வீட்டுக்குச் சொல்லாமல் வழியில்லை.

மறுநாள் காலை தொலைபேசிக் கூண்டுக்குள் நின்று அம்மாவை அழைத்தேன்.

"என்னா அரசி, இன்னிக்கு ஞாயித்துக்கெழம இல்லையே?"

"அம்மா, பெர்மிட் சாப்பு அடிக்கல. நான் பொய் சொன்னேன்."

"ஏன்?"

"ஏன்னு எனக்கே தெரியல. அதைத்தான் ஒரு டாக்டர்கிட்ட கேட்டிருக்கேன். என் தமிழ்ப்பள்ளி ரிப்போர்ட் புக் இருக்காம்மா? சார்மாருங்க எழுதினதக் கொஞ்சம் படிங்க."

அலமாரிக் கதவு திறக்கும் ஓசை கேட்டது. அம்மா எதையும் எறியாதவர். ஒவ்வொன்றாகப் படித்தார். இரண்டாம் ஆண்டு: கெட்டிக்காரி, இருக்கையில் இருப்பதில்லை. நான்காம் ஆண்டு: வீட்டுப்பாடம் செய்கிறாள், கொண்டுவர மறக்கிறாள். ஐந்தாம் ஆண்டு: பேச்சில் முதல், மற்றதில் மனம் இல்லை. ஆறாம் ஆண்டைப் படிக்கும்போது அவர் குரல் மாறியது.

"'முயன்றால் முடியும், முயல்வதில்லை'ன்னு போட்டிருக்கு. இதுக்கு நான் உன்ன ரோத்தான்ல அடிச்சேன். ஞாபகம் இருக்கா?"

"இல்லம்மா."

அதுவும் பொய்தான். அந்த ஒரு பொய்யை நான் திரும்பப் பெறப் போவதில்லை.

"அங்க போயி உன் பேச்சே மாறிப் போச்சு, நம்ம புள்ள கை நழுவிப் போறான்னு அப்பாகிட்ட சொல்லிக்கிட்டே இருந்தேன்" என்றார் அம்மா. "பொய் சொல்றதுக்கு அதான் காரணம்னு நெனச்சிருப்பேன். நல்ல வேள, நீயா சொன்ன. எல்லாத்தயும் அப்பாவ ஃபேக்ஸ் பண்ணச் சொல்லவா?"

மறுநாள் மெஹரின் கடைக்கு அவை வந்து சேர்ந்தன. அவற்றைப் பார்த்த பிறகே டாக்டரம்மா அந்தப் பெயரைச் சொன்னார். நூல்கள் அதைக் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு என்கின்றன, மருத்துவமனையில் ஏ.டி.ஹெச்.டி. என்றால் போதும். எனக்கு அந்த நீண்ட பெயரில் ஒரு குறை உண்டு. என்னிடம் கவனம் குறைவாக இல்லை, ஏராளமாக இருக்கிறது. அதைத் திருப்பும் கடிவாளம்தான் என் கையில் இல்லை. இதை அவரிடம் ஓர் உரையாகவே ஆற்றினேன். "கரெக்ட்தான். இப்ப வேலையப் பாப்போமா?" என்றார்.

7

வேலை என்பது இதுதான். மேடையில் என்னால் முடிகிறது என்றால், அங்கே என்ன இருக்கிறது? கண்முன் மனிதர்கள் இருக்கிறார்கள். நேரம் முடிவதைச் சொல்லும் மணி இருக்கிறது. ஒரே ஒரு தலைப்பு இருக்கிறது. மாடியறை மேசையில் இவற்றில் ஒன்றும் இல்லை. இதுநாள்வரை மேடைக்கு வெளியே என்னைத் திட்டினேனே தவிர, வெளியிலும் ஒரு மேடை கட்டித்தர நினைக்கவில்லை.

கட்டினேன். படிவம் நிரப்புவது இப்போது ஜெராக்ஸ் கடையின் மூலையில்தான். மெஹர் எனக்கு உதவ வேண்டியதில்லை. தன் வேலையைப் பார்த்துக்கொண்டு அங்கே இருந்தால் போதும். அருகில் ஒருவர் உழைக்கும்போது என் மனமும் நாற்காலியில் அமர்கிறது. கால் மணிக்கு ஒருமுறை அவள் கல்லாவின் மேலுள்ள மேசைமணியைத் தட்டுவாள். சில சமயம் வாடிக்கையாளர் தட்டிவிடுவார். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன். முக்கியமான தாள்களை அலமாரிக்குள் வைப்பதில்லை. கண்ணில் படாதது எனக்கு இல்லாததற்குச் சமம். ஒளிபுகும் உறையிலிட்டு அறைக்கதவின் உட்புறம் தொங்கவிடுகிறேன். கெடு நாளை மெஹர், அம்மா, கல்லூரித் தோழி ஒருத்தி என மூவரிடம் ஒப்படைக்கிறேன். மருந்தும் உட்கொள்கிறேன். அது உதவுகிறது, ஆனால் அது படிவத்தை நிரப்பித் தராது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று முழங்க ஆசைதான். போன மாதம்கூடச் செங்கற்பட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். வேறுபாடு என்னவென்றால், வகுப்பில் கேட்டபோது உறங்கிவிட்டேன் என்று சொல்லவில்லை.

8

அதிகாரி தந்த பத்து நாள்களில் ஒன்பதாம் நாள் அது. கடிதத்தை மெஹரின் கடையில், மூன்று மணியோசைகளுக்குள் எழுதி முடித்திருந்தேன். அரைப்பக்கம். மருத்துவரின் சான்றிதழை அதனுடன் இணைத்திருந்தேன்.

அவர் படித்தார். சான்றிதழைப் பார்த்தார். மீண்டும் கடிதத்துக்கு வந்தார்.

"போன தடவ மூணு பக்கம் எழுதினீங்களே, அது யாரு எழுதிக் குடுத்தது?"

"அதுவும் நான்தான் சார்."

"ம்." பேனாவை எடுத்தார்; எடுத்தவர் நிறுத்தினார். "எல்லாம் எழுதியிருக்கீங்க. இனிமே இப்படி நடக்காதுன்னு கடைசியில ஒரு வரி வருமே? எல்லாரும் எழுதுவாங்க. அது இல்லையே. சேத்துடுங்க."

அவர் நீட்டிய பேனாவை வாங்கினேன். ஒரு வரி. என் கல்லூரி, என் பட்டம், அப்பாவின் முகம் எல்லாம் அந்த ஒரு வரிக்கு அப்பால் நின்றன. எதுகையோடும் மோனையோடும் அதை எழுத எனக்கு அரை நிமிடம் ஆகாது.

"எழுதினா பொய்யாயிடும் சார்" என்றேன். "என்னால அப்படி உறுதி சொல்ல முடியாது. மறுபடியும் நடக்கப் பாக்கும். அதனாலதான், நடக்கப் பாத்தா என்ன செய்வேன், யார்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்னு நாலு வரி எழுதியிருக்கேன். அதுக்கு வேணும்னா கையெழுத்துப் போட்டுத் தரேன்."

அவர் அந்த நான்கு வரிகளை விரலால் தொட்டபடி இன்னொரு முறை படித்தார்.

"மெஹருன்னிசாங்கிறது யாரு?"

"கீழ்வீட்டுத் தோழி சார்."

"அவங்க நம்பரையும் எழுதுங்க" என்றார். "அடுத்த வருஷம் நானும் ஞாபகப்படுத்தறேன்."

எழுதிக் கொடுத்தேன். அவர் கோப்பைத் தம் பக்கம் இழுத்துக் கையெழுத்திட்டார்.